சாமானிய ரசிகனும் அவன் தீர்ப்பும்

ஒரு திரைப்படம் நல்ல படமா, அல்லவா என்று நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற விசாரம், 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே நம்மிடையே இருந்து வருகிறது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்கள் படம் எடுத்தவர்களை நெளியவும் படம் பார்த்தவர்களைச் சிரிக்கவும் வைத்தன. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இத்துறைக்குள் புகுந்தார்கள். தேசியப் போராட்டத்தின் செய்தி மேடையிலும் திரையிலும் பரவிய விதத்தைச் சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் நூலாக்கினார். அதே ஆண்டில், தமிழ்ச் சினிமா அரசியல் சாதனமான வரலாற்றை ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். எம். ஜி. ஆரின் திரைப் பிம்பத்தில் ஏழை ஜனங்கள் எதைக் கண்டு மயங்கினார்கள் என்று எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இல் வினவினார். மறு ஆண்டு வெளிவந்த தம் நூலுக்காக அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி மதுரையின் எளிய குடும்பங்களோடு பழகி, அவர்களுடைய சினிமா அனுபவத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

இத்தனை நூல்கள் இருந்தும், இவற்றில் பெரும்பாலானவை சினிமா ஜனங்களை என்ன செய்தது என்று கேட்கின்றனவே தவிர, ஜனங்கள் சினிமாவை எப்படித் தம் ஓய்வுப் பொழுதுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள் என்பதில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை. எந்த நடிகரின் மன்றத்திலும் உறுப்பினனாகாமல், எந்த இயக்குநரின் பெயரையும் மனப்பாடம் செய்யாமல், வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, 'இன்றைக்கு என்ன படம்?' என்று கேட்கிற சாமானிய ரசிகன் தன் இன்பத்தை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அளக்கிறான்? இக்கேள்வியை உலகத் தமிழர் அனைவரையும் முன்வைத்து ஆராய ஒரு கட்டுரை போதாது. ஆகையால், மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்துத் தமிழரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. தோட்டத்துத் திடல், நகரத்துக் கொட்டகை, இரண்டு நாடுகளின் தொலைக்காட்சி, வாடகைக் கேசட், செயற்கைக்கோள் அலைவரிசை, கைப்பேசி என்று படம் பார்க்கும் வழிகள் அத்தனையும் ஒரே சமூகத்தின் மூன்று தலைமுறைகளுக்குள் அடுத்தடுத்து வந்து போன இடம் இது.

கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட், மாசாய், உலு திராம் ஆகிய வட்டாரங்களில் ரப்பர்த் தோட்ட லயங்களில் வளர்ந்த முதியவர்களைக் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது படத்தின் பெயரை அன்று. படம் போட்ட இடத்தைத்தான். சம்பளம் போட்ட பிறகு வரும் ஒரு நாளில் வண்டி வந்து நிற்கும். திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டப்படும். கிராணிமார் எனப்படும் தோட்ட எழுத்தர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். தமிழ்ச் சமூகத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே கலையை அனுபவித்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கூரையே இல்லாத எங்கள் திடலில் அந்தச் சமத்துவம் நாற்காலிக்கும் பாய்க்கும் இடையே கொஞ்சம் இடறித்தான் நின்றது என்றாலும், திரைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற வசதி அங்கே இருந்தது. முன்பக்கம் இடம் கிடைக்காத சிறுவர்கள் துணிக்குப் பின்னால் போய் அமர்ந்தார்கள், அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும், எம். ஜி. ஆர். இடக்கையால் வாள் வீசுவார். அப்படிப் பார்த்தே 'நாடோடி மன்னன்' படத்தை நேசித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒற்றை இயந்திரத்தை வைத்துக்கொண்டு படம் காட்டுபவர் ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் வரையில் திரை வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் திடலில் பேச்சு எழும். வில்லன் மாட்டுவானா, தாய் மகனை அடையாளம் காண்பாளா, அடுத்த சுருளில் பாட்டு உண்டா என்று பெரியவர்கள் தர்க்கிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அதே பிரதியை முந்தின வாரம் பார்த்துவிட்டு, சைக்கிளில் அதன் பின்னாலேயே வந்த இளைஞன் ஒருவன் கதையை முன்கூட்டிச் சொல்லி வசை வாங்குவான். கதை தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே அளவு ரசித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மழை வந்து பாதியில் நின்ற படமும், சுருள் அறுந்து ஒரு பாட்டை விழுங்கிவிட்ட படமும் இங்கே 'பார்த்த படம்' என்ற கணக்கிலேயே சேர்ந்தன. முழுமையாகப் பார்ப்பது ஒரு படத்தை ரசிக்க அவசியமான நிபந்தனை என்று விமரிசகர் கருதலாம். ஜொகூர் ரசிகனுக்கு அந்த வசதி அநேகமாக எந்தக் காலத்திலும் வாய்க்கவில்லை. என் பார்வையில், அவனுடைய ரசனையின் ஆதாரமே இதுதான்: எந்த இடத்தில் நுழைந்தாலும் ஒட்டிக்கொள்ளக் கூடியது, எந்த இடத்தில் எழுந்து போனாலும் கோபிக்காதது, பத்து வருஷம் கழித்து வந்தாலும் வரவேற்பது எதுவோ, அதுவே அவனுக்கு நல்ல படம்.

1964-இல் வெளிவந்த இரண்டு படங்களை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன். ஒன்று ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', மற்றது மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் 'மடு தீகா'. முன்னதில் டி. எஸ். பாலையா சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் அவர் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுகிறார். பிறகு ஒரு பணக்காரத் தந்தையைப் பொய்யாகச் சிருஷ்டித்து அந்த முதலாளியையே ஏமாற்றுகிறார். தோட்டத்து முதலாளியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிப் பழகிய மக்கள், அதே முதலாளி திரையில் முட்டாளாவதைப் பார்த்து எவ்வளவு ஆனந்தித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படத்தின் சிகரம் அது அன்று. படம் எடுக்கப் பணம் கேட்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், தம் ஓஹோ புரொடக்ஷன்ஸ் எடுக்கப் போகும் பேய்ப்படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியே சிகரம். அறையில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. நாகேஷின் வாயிலிருந்து வரும் ஓசைகளும், அவர் உடம்பு வளையும் விதமும், அவற்றுக்கு ஏற்றபடி பாலையாவின் முகத்தில் முதலில் அலட்சியம், பிறகு ஆவல், பிறகு சந்தேகம், கடைசியில் பயம் என்று படிப்படியாக ஏறும் பாவமும் மட்டுமே இருக்கின்றன. சிரிப்பு மூட்டுபவர் நாகேஷ் என்று முதல் தடவை தோன்றும். மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான், சிரிப்பு முழுவதும் பாலையாவின் கண்ணில் இருக்கிறது என்று தெரியவரும். மறுபடி மறுபடி பார்ப்பவனுக்கு மட்டுமே கிட்டும் ஞானம் இது. முதல் காட்சி பார்த்துவிட்டு அன்றிரவே எழுதும் விமரிசகருக்கு இது கிட்டாது.

'மடு தீகா' மூன்று மனைவியரை மணந்துகொண்டு, ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு பொய் சொல்லித் திரியும் ஜமீலின் கதை. மலாய்ப் படம் என்பதற்காக ஜொகூர்த் தமிழர் அதை அந்நியமாக நினைத்ததில்லை. அதற்கு மொழிப் பழக்கம் ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் ஆரம்ப காலத்து டைரக்டர்கள் பலரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1934-இல் 'லைலா மஜ்னூன்' எடுத்த பி. எஸ். ராஜன்ஸ், 1950-இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், 1956-இல் 'ஹங் துவா' எடுத்த பணி மஜும்தார் ஆகியோர் அவர்களுள் சிலர். போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸுக்கு 1957-இல் 'பொந்தியானாக்' என்ற புகழ்பெற்ற பேய்ப்படத்தை இயக்கிய பி. என். ராவும் இந்தியரே. பாட்டு வரும் இடமும், தாய் அழும் இடமும், கோமாளி நுழையும் இடமும் நமக்கு முன்பே பழக்கமானவையாக இருந்ததில் வியப்பில்லை. ஓய்வுநாள் மத்தியானத்தில் பழைய பி. ரம்லி படம் ஓடினால், பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடமான தமிழ்ப் பாட்டி ஒருத்தி நடிகருக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவதை ஜொகூரில் பல வீடுகளில் காணலாம்.

தொலைக்காட்சி வந்தபோது இந்த மாநிலத்துக்கு ஒரு தனிச் சலுகை கிடைத்தது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதியும் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைத் தாண்டுவதற்கு மனிதருக்குத்தான் கடப்பிதழ் வேண்டும், அலைகளுக்கு வேண்டியதில்லை. ஜொகூர் பாரு வீட்டுக் கூரைகளில் ஒரு கம்பத்தில் இரண்டு ஆன்டெனா, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே பார்த்து நின்றன. கோலாலம்பூர் தமிழ்ப்படம் போடாத நாளில் சிங்கப்பூர் ஏதாவது போடுமா என்று கம்பத்தைத் திருப்புவது வீட்டுப் பையனின் உத்தியோகம். 2008 அக்டோபரில் சிங்கப்பூரின் 'வசந்தம்' தனி அலைவரிசையாகி, 2010-இல் 'வேட்டை' என்ற போலீஸ் தொடர் வந்தபோது, அத்தொடரின் பேச்சு ஜொகூர் பாருக்காரருக்குச் சென்னைத் தமிழைவிடப் பரிச்சயமாக ஒலித்தது.

இடையில் வந்த வாடகை வீடியோக் கேசட்டையும், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற திருட்டுக் குறுந்தகட்டையும் விரித்துரைக்க வேண்டாம். அவற்றின் தர்மம் எதுவாயினும், 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சியைச் சிறுவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்தது அந்தக் கேசட்டின் தயவால்தான். 1996-இல் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் அதன் வானவில் அலைவரிசையும் வந்தன. அதன்பின் சன் தொலைக்காட்சியின் நெடுந்தொடர்கள் இங்கே குடிபுகுந்தன: 1999 முதல் 'சித்தி', 2002 முதல் 'மெட்டி ஒலி', 2003 முதல் ஆறு ஆண்டுகள் 'கோலங்கள்'.

நெடுந்தொடர்களைப் பற்றிப் படித்தவர்கள் பேசுகிற பேச்சில் ஏளனம் அதிகம். ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் இடி இடிக்கிறது, பார்த்தாலே தெரிகிற விஷயத்தைப் பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்கின்றன என்பவை அவர்கள் அடுக்கும் குற்றங்கள். இவர்கள் ஒரு மாலைப் பொழுது வீட்டு அடுக்களையில் நின்று பார்த்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டார்கள். கூடத்தில் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ரசிக்கும் அம்மாள் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். சட்டியில் எண்ணெய் காய்கிறது. கடைக்குட்டி பள்ளிப் பாடத்தில் சந்தேகம் கேட்கிறான். அவள் தொடரைப் பார்ப்பது காதால். 'என்ன சம்பந்தி, இந்த நேரத்தில் பெட்டியோடு வந்து நிற்கிறீர்கள்?' என்று பாத்திரம் கேட்டால்தான் வந்தவர் யார், கையில் என்ன என்பது அடுக்களைக்குத் தெரியும். இடி இடித்தால் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வரவேண்டும் என்று பொருள். அவள் ஓடி வந்து சேர்வதற்காகத்தான் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். கலை என்ற முறையில் இது உயர்ந்தது என்று நான் வாதிக்க வரவில்லை. வேலை செய்துகொண்டே அனுபவிப்பவளின் வசதியை உத்தேசித்துப் பிறந்த இலக்கணம் இது என்கிறேன்.

ஓய்வுநாளே ஒரு பிரச்சினையான கதையும் இந்த மாநிலத்துக்கு உண்டு. 2014 ஜனவரி முதல் 2024 முடிய ஜொகூரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; 2025 பிறந்த பிறகே மறுபடி சனி ஞாயிறுக்குத் திரும்பியது. அந்தப் பதினோரு ஆண்டுகளில், உலகத் தமிழர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்புப் படத்துக்கு முன்னால் சாய்ந்திருந்தபோது, எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பில் இருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்த அப்பாவோ ஞாயிறன்று வீட்டில் தனியாக இருந்தார். குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது அரிதாயிற்று. அதிகாலை இருட்டில் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலம் கடக்கும் லட்சக்கணக்கான ஜனங்களில் பேருந்துக்காரர்கள், சோதனைச் சாவடி வரிசையில் நகரும் நேரத்தில், கைப்பேசியில் ஒரு படத்தின் இருபது நிமிஷத்தைப் பார்த்து முடிக்கிறார்கள். அடுத்த இருபது திரும்பும் வழியில். திடலில் சுருள் மாற்றக் காத்திருந்த தாத்தாவின் பேரன், சோதனைச் சாவடியில் படத்தைத் தானே துண்டாக்கிக்கொள்கிறான்.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். முடிதிருத்தும் கடையிலும், அப்பளமும் ரசமும் பரிமாறும் வாழையிலைக் கடையிலும், இரவு நெடுநேரம் திறந்திருக்கும் மாமாக் கடையிலும் காதில் விழும் தீர்ப்புகளைக் கூர்ந்து கேட்டால் சில விஷயங்கள் புலனாகின்றன. முதலாவது, கதாநாயகனைப் பற்றிய பேச்சு படம் வெளிவந்த வாரத்தோடு அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. வருஷங்கள் கடந்தும் பேசப்படுபவர்கள் பாலையா, எஸ். வி. ரங்கா ராவ், மனோரமா, கவுண்டமணி, செந்தில், வடிவேலு முதலியவர்கள். 'எதிர்நீச்சல்' தொடரில் வீட்டை ஆட்டிவைத்த ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, சொந்தத்தில் ஒரு கெடுபிடிப் பெரியப்பாவை இழந்தது போல இங்கே வருந்தினார்கள். இரண்டாவது, சிரிப்புக்கு முதலிடம். பரதருடைய நாட்டிய சாஸ்திரம் ரசங்களைச் சிருங்காரத்திலிருந்து தொடங்க, தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நகையை முதலில் வைக்கிறது. எங்கள் ரசிகன் இந்த விஷயத்தில் தொல்காப்பியரின் கட்சி. மூன்றாவது, யாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்ற கேள்வி. ஒரு விநோதத்தையும் குறிப்பிட வேண்டும்: பிள்ளைகள் அருகில் இருக்கப் பத்துப் பேரை வெட்டிச் சாய்க்கும் காட்சியைப் பொறுத்துக்கொள்ளும் தந்தை, ஒரு முத்தம் வந்தால் அலைவரிசையை மாற்றிவிடுகிறார். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளூர்ப் படங்களிடம் இந்த ரசிகன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவன் தீர்ப்பின் பலமும் பலவீனமும் தெரிகின்றன. 1991-இல் 'நான் ஒரு மலேசியன்' வந்தது. 2005-இல் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை', அறுபதுகளின் தோட்டத்தில் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணைக் காட்டியது. 2015 டிசம்பரில் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டம் கலைந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய் குண்டர் உலகின் வாசலுக்கு வந்து சேரும் கதை. மொழியை வைத்துப் பரிசுகளைப் பிரித்ததில் எழுந்த பெருஞ்சர்ச்சைக்குப் பிறகு, 2016-இன் மலேசியத் திரைப்பட விழாவில் அதுவே சிறந்த படமாயிற்று. ஆயினும் மாமாக் கடையில் மறுபடி பார்த்த படமாகப் பேசப்படுவது அது அன்று. விமலா பெருமாள் 2018-இல் தந்த 'வெடிகுண்டு பசங்க' போன்ற நகைச்சுவையும், நண்பர்கள் சிலர் பழங்காலக் காசை வைத்து ஆவியை அழைத்து வினை தேடிக்கொள்ளும் 2022-இன் 'பூச்சாண்டி'யுமே. 'ஜகாட்' பார்த்துவிட்டு, 'எங்கள் அண்ணன் கதைதான்; இன்னொரு தடவை பார்க்க மனசுக்குத் தெம்பில்லை' என்று சொல்லும் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறுபடி பார்க்க முடியாத படம் சிறந்த படமன்று என்ற முடிவுக்கு அவர்கள் தாவினால், அங்கே சாமானிய ரசிகனோடு எனக்குப் பிணக்கு உண்டு. சில படங்கள் ஒரு தடவை பார்ப்பதற்கென்றே எடுக்கப்படுகின்றன. அந்த ஒரு தடவையைப் பாதியில் எழுந்து போகாமல் பார்க்கும் கடன் நமக்கு இருக்கிறது.

எழுந்து போகும் இந்தப் பழக்கத்துக்கு ஓர் உதாரணம். 2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகப் போராடும் தமிழ்நேசனாக நாசர் வரும் பகுதியில் வயதானவர்கள் கண் கலங்கினார்கள்; ஆனால் மலேசியப் பிரதியில் மட்டும் நாயகன் போலீஸில் சரணடைந்ததாக முடிவில் எழுத்துப் போட்டார்கள். சென்னைக்காரன் பார்த்த முடிவும் ஜொகூர்க்காரன் பார்த்த முடிவும் வேறு. எங்கள் ரசிகன் இதற்காகக் கொடி பிடிக்கவில்லை. கடைசி எழுத்து வருமுன்னரே எழுந்து வண்டி நிறுத்திய இடத்துக்குப் போய்விட்டான். முடிவுக்கு அவன் தரும் மரியாதை அவ்வளவுதான்.

இந்த ரசனை மறுபடி பார்ப்பதில் வளர்வது என்பதால், ரேடியோ டெலிவிஷன் மலேசியாவுக்கும் தனியார் ஒளிபரப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி. ரம்லியின் படங்கள் மறுபடி மறுபடி ஒளிபரப்பானதால்தான் மூன்று தலைமுறைக்கும் சொந்தமாயின. நம் நாட்டிலேயே எழுதி நடிக்கப்பட்ட பழைய தமிழ் நாடகங்களுக்கும் படங்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. உங்கள் களஞ்சியத்தில் எஞ்சியிருப்பவற்றை எடுத்து, வாரத்தில் ஒரு நாள், மாறாத ஒரு நேரத்தில், எடுத்த ஆண்டையும் நடித்தவர்களின் பெயரையும் திரையில் போட்டு, மறு ஒளிபரப்புச் செய்யுங்கள்.